மூணாவது கூப்பாடு

அத்விக் பிச்சைக்கண்ணு. சிரிப்பு வருதா இல்லையா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. மேலே கோட்டு போட்டுக் கீழே கோவணம் கட்டின மாதிரி இருக்கு. எங்க கோர்ட்டு நகல் பிரிவு எஸ்தர் தங்கச்சிதான் அஞ்சாறு மாசம் முன்னாடி செல்லுல தேடி எடுத்துக் காட்டுச்சு, "அண்ணே, இப்ப எல்லாரும் இதான் வைக்கிறாங்க"ன்னு. வைக்கட்டும். அவங்களுக்கெல்லாம் அப்பன் பேரு ரமேஷ், தினேஷ். பக்கத்துல எந்தப் பேரு வந்து உக்காந்தாலும் நகர்ந்து இடம் குடுக்கிற பேரு. என் பேரு அப்படியா? ச்ச, க்க, ண்ண. மூணு இடத்துல அழுத்திக்கிட்டு நிக்குது. ரிஷி பிச்சைக்கண்ணு. தியா பிச்சைக்கண்ணு. வழவழன்னு வர்ற பேரெல்லாம் என் பேருல கால் பட்டதும் சறுக்கி விழுந்துடுது. முந்தி எல்லாம் இந்தக் கஷ்டம் இல்ல, அப்பன் பேரை 'பி'ன்னு ஒரே எழுத்துல ஒளிச்சு வச்சுக்கலாம், பிரபாகரனா பிரேம்குமாரான்னு பாக்கிறவன் நினைச்சுக்குவான். இப்ப பேங்கு, பாஸ்போர்ட்டு, பள்ளிக்கூடம், எங்கே போனாலும் இனிஷியலை விரிச்சு எழுதுங்கிறான். விரிச்சா நான்தான் வெளியே வரணும். என் புள்ள அமெரிக்காவுக்கே போனாலும் அங்கே ஒரு வெள்ளைக்காரன் மைக்குல மிஸ்டர் பிச்சைக்கண்ணுன்னு கூப்பிடுவான், அது எந்திரிச்சுப் போகணும். போகட்டுமே. போற அளவுக்கு இருந்தாப் போதுமே. சீ, இதை எதுக்கு இப்ப நினைக்கிறேன், மணி பத்து நாப்பதுதான் ஆகுது, பதினோரு மணிக்குத்தான் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போவோம்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு, அதுக்குள்ள வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடா பிச்சை.

"வீராசாமி மகன் கோதண்டம்... வீராசாமி மகன் கோதண்டம்... வீராசாமி மகன் கோதண்டம்..." இதுதான் நம்ம வேலை. முன்சீப் கோர்ட்டு டவாலி. பத்தொன்பது வருஷமா இந்த வாசப்படியில நின்னு உள்ளே ஜட்ஜ் அம்மா கையில எடுக்கிற ஒவ்வொரு கேசுக்கும் ஆளைக் கூப்பிடுறேன். வெறும் பேரை மட்டும் கூப்பிட்டா நாலு கோதண்டம் எந்திரிச்சு வருவான், அதனால அப்பன் பேரைச் சேர்த்துக் கூப்பிடுறது என் வழக்கம். ஜட்ஜ் அம்மாவுக்கும் அது பிடிச்சுப் போச்சு. மூணு தடவைதான் கூப்பிடணும், கணக்கு அவ்வளவுதான். மூணாவதுக்கும் ஆள் வரலைன்னா வரலைன்னு எழுதிடுவாங்க, கேசு போச்சு, அப்புறம் அழுதாலும் புரண்டாலும் மனு போட்டுக் கெஞ்சணும். அதனால மூணாவதை மட்டும் நான் கொஞ்சம் இழுத்தே கூப்பிடுவேன். டீக்கடையில கிளாசைக் கையில வச்சிருக்கிறவன் கீழே வச்சுட்டு ஓடி வர்ற அளவுக்கு. பத்தொன்பது வருஷம் இப்படிக் கத்தினதுல பேருங்களோட குணம் எனக்கு அத்துப்படி. 'ஷ்'ஷுல முடியிற பேரு மூணாவது தூணைத் தாண்டாது. 'த்', 'க்'குன்னு முடிஞ்சா கதவைச் சாத்தின மாதிரி வாயிலயே நின்னுடும். கோதண்டம் பரவாயில்ல, 'ம்'ல ரீங்காரம் இருக்கு. ஆனா ராஜா, மீனா, பார்வதின்னு உயிர்ச் சத்தத்துல முடியிற பேரு இருக்கே, அதை இழுக்கலாம், இழுத்துக்கிட்டே இருக்கலாம், கேட் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுல இறங்குறவன் காது வரைக்கும் போகும். புள்ளைக்குப் பேரு வைக்கிறவனுங்க எவனும் இதை யோசிக்கிறதே இல்ல. பேருன்னா எழுதிப் பாக்கிறதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். பேருங்கிறது கூப்பிடுறதுக்குய்யா. கூப்பிட்டா வர்றதுக்கு. கோதண்டம் வந்துட்டாரு, செருப்பை வெளியே விடுங்க ஐயா, போங்க.

இங்கே எதுக்கு நிக்கிறேன்னு எனக்கே கோபமா வருது. காலையில ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில தேன்மொழி பக்கத்துலதான் நின்னேன். பச்சை கவுனு போட்டு விட்டிருந்தாங்க, தலையைப் பின்னி ரெட்டை சடையா மடிச்சுக் கட்டியிருந்தாங்க, முப்பத்தாறு வயசு பொம்பளை பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி இருந்துச்சு. என்னையே பாத்துச்சு. "ஏங்க, நீங்க கோர்ட்டுக்குப் போங்க." என்ன தேனு, லீவு எழுதிக் குடுத்துட்டேனேன்னேன். "வேணாம். போன ரெண்டு தடவையும் இதே வராண்டாவுல நின்னீங்க. இந்தத் தடவை நிக்காதீங்க. உங்க வாய் சும்மா இருக்காது, நிக்கிற நேரத்துல எதையாவது முணுமுணுத்துக்கிட்டே இருப்பீங்க, எனக்குத் தெரியாதா?" பக்கத்துல அத்தை, தேன்மொழியோட அம்மா, ஃபிளாஸ்க்கை மூடிக்கிட்டே, "அவ சொல்றதைக் கேளுங்க மாப்ளே, நான் இருக்கேன்ல"ங்குது. பேரு விஷயம்தான் அது. புள்ள பொறந்து, அழுது, அந்த அழுகையை அவ காதால கேக்கிற வரைக்கும் எந்தப் பேரையும் யாரும் வாயால சொல்லக் கூடாது. இது அவ போட்ட உத்தரவு. ஒம்பது மாசமா வீட்டுல குழந்தைன்னுகூடச் சொல்றதில்ல, 'அது'தான். 'அது' உதைக்குது, 'அது'க்குப் புளிப்பு வேணுமாம். நானும் வாயைத் திறக்கல. சத்தியமாத் திறக்கல. ஆனா மனசு? மனசுக்கு யாரு வாய்ப்பூட்டு போடுறது? பஸ்ஸுல, குளிக்கிறப்ப, சோறு பிசையிறப்ப, ஒரு பேரை எடுத்து என் பேரு பக்கத்துல நிறுத்திப் பாக்கிறதும், சரியில்லன்னு அனுப்புறதும், அடுத்ததைக் கூப்பிடுறதுமா ஒம்பது மாசம் ஒரு கோர்ட்டே நடத்தியிருக்கேன்.

முதல்ல நிறைமதி. ஏழு வருஷம் ஆச்சு. மூணாம் மாசத்துலயே பேரை முடிவு பண்ணிட்டேன், அவ்வளவு அவசரம் எனக்கு. கேசு லிஸ்ட்டு பேப்பரோட பின்பக்கம் நிறைமதி பிச்சைக்கண்ணு, நிறைமதி பிச்சைக்கண்ணுன்னு பத்து தடவை எழுதி வீட்டுக்குக் கொண்டு போய்க் காட்டினேன். தேன்மொழி அதைச் சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சா. அஞ்சாம் மாசம் ஒரு செவ்வாக்கிழமை, அவ்வளவுதான், போயிடுச்சு. அடுத்தது இளமாறன். அவன் வந்தான். வந்து ரெண்டு நாள் இருந்தான். பொறந்தப்ப ஒரு தரம் முனகினதோட சரி, அதுக்கப்புறம் சத்தமே இல்ல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள தூங்கிக்கிட்டே இருந்தான். நான் கண்ணாடியில வாயை வச்சு இளமாறா, இளமாறான்னு கூப்பிட்டுப் பாத்தேன். நர்ஸம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடுச்சு. அவன் காலுல ஒரு சீட்டு கட்டியிருந்தாங்க, 'தேன்மொழி குழந்தை'ன்னு. ஆஸ்பத்திரியில அப்படித்தான் எழுதுவாங்களாம், அம்மா பேருதானாம். கடைசி வரைக்கும் அந்தச் சீட்டுதான் அவனுக்கு. ஊரான் வீட்டுப் புள்ளைங்க எத்தனை ஆயிரம் பேரை இன்னார் மகன், இன்னார் மகள்னு கூப்பிட்டிருக்கேன். நாளுக்கு அறுபது கேசு வச்சுக்குங்க. சொந்தத் தம்பி மேல கேசு போட்டவன், அப்பன் செத்த மறு வாரமே பாகம் கேட்டு வந்தவன், அவனுக்கெல்லாம் பேருக்கு முன்னாடி ஒரு அப்பன் நிக்கிறான். பிச்சைக்கண்ணு மகன்னு கூப்பிட இந்த உலகத்துல ஒரு ஆள் இல்ல. ஒரு பேப்பர்ல, ஒரே ஒரு பேப்பர்ல, த/பெ. பிச்சைக்கண்ணுன்னு எழுதி அதுக்கு மேல ஒரு பேரு இருந்தாப் போதும். ரேஷன் கார்டா இருந்தாலும் சரி. நாளைக்கு அதுவும் பாகம் கேட்டு என் மேல கேசு போடட்டுமே, நானே வாசல்ல நின்னு வாய் நிறையக் கூப்பிடுவேன். "ராமலிங்கம் மகன் தனசேகரன்... ராமலிங்கம் மகன்..." வந்துட்டான், வந்துட்டான். தடிப்பய, கூப்பிடுறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறான்.

மணி பதினொண்ணு அஞ்சு. உள்ளே கொண்டு போயிருப்பாங்க. முதுகுல ஊசி போடுவாங்க, வளைஞ்சு உக்காரச் சொல்லுவாங்க, அவளுக்கு ஊசின்னாலே பயம். செல்லு என்கிட்ட இல்ல. கோர்ட்டுக்குள்ள செல்லு சத்தம் கேட்டா அம்மாவுக்குக் கண்ணு சிவந்துடும், அதனால எதிர்ல நகல் பிரிவுல எஸ்தர் மேஜை டிராயருக்குள்ள போட்டு வச்சிருக்கேன். அடிச்சா எடுத்துப் பேசும்மான்னு சொல்லியிருக்கேன். ஒவ்வொரு கேசுக்கும் வெளியே வர்றப்ப அந்தக் கதவைப் பாக்கிறேன். எஸ்தர் தலையை ஆட்டுது, இல்லண்ணேன்னு. என் பேரை நினைச்சுப் பாருங்க. அது ஒண்ணும் அழகுக்கு வச்ச பேரு இல்ல. எங்கம்மாவுக்கு எனக்கு முன்னாடி மூணு தங்கல. நாலாவதா நான் வந்தப்ப ஏழு வீட்டுல அரிசி பிச்சை எடுத்துக் கஞ்சி காச்சி, கிழிஞ்ச துணி வாங்கிப் போர்த்தி, பிச்சைன்னு பேரு வச்சாங்க. எமன் வந்து பாத்தா, சீ, இது பிச்சை எடுத்த சரக்கு, நமக்கெதுக்குன்னு போயிடுவானாம். எங்கப்பாவுக்கு மனசு கேக்கல, பின்னாடி ஒரு கண்ணைச் சேர்த்துட்டாரு. பிச்சைக்கண்ணு. பள்ளிக்கூடத்துல விடுவானுங்களா? அம்மா தாயேன்னு தட்டை நீட்டிக்கிட்டே பின்னால வருவானுங்க. வேலை கிடைச்ச புதுசுல பேரை மாத்தக் கெஜட்டு ஃபாரம் எல்லாம் வாங்கிப் பூர்த்தி பண்ணிட்டேன், பிரசன்னான்னு. கையெழுத்துப் போடுற இடத்துல வந்து கை நின்னுடுச்சு. பிரசன்னான்னு கூப்பிட்டா நான் திரும்பிப் பாப்பேனான்னு ஒரு சந்தேகம். அந்த மூணு பேரும் போயி நான் ஒருத்தன் நின்னிருக்கேனே, இந்தப் பேருலதானே நின்னேன்னு ஒரு பயம். நம்பிக்கை கிடையாது எனக்கு, சொல்லிடுறேன். நம்பிக்கை இல்ல, பயம்தான்.

அந்தப் பயத்துலதான் அத்தை கை வச்சுது. வளைகாப்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது, ஒரு நாள் சாயங்காலம் தேன்மொழி தூங்கிக்கிட்டிருக்கிறப்ப அத்தை என்னை வாசலுக்குக் கூப்பிட்டுக் காதுகிட்ட வந்து, "மாப்ளே, பொண்ணா இருந்தா குப்பாயின்னு வச்சுடுங்க. ஆணா இருந்தா குப்பன். பொறந்த உடனே முறத்துல போட்டுக் குப்பையில வச்சு எடுத்துடுவோம். உங்கம்மா உங்களை அப்படித்தானே காப்பாத்துனாங்க?"ன்னுச்சு. இந்தக் காலத்துல போயி என்ன அத்தைன்னு சிரிச்சுட்டு வந்துட்டேன். வந்து படுத்தா தூக்கம் வரல. குப்பாயி பிச்சைக்கண்ணு. அடக் கடவுளே, பொருந்துதே! ப்ப, ச்ச, க்க, ண்ண. ஒரே அச்சுல வார்த்த மாதிரி. எஸ்தர் செல்லுல இருந்து எடுத்த முந்நூறு பேருல ஒண்ணுகூட இப்படி ஒட்டல. எனக்கு அழுகையா வந்துச்சு. என் பேருக்குத் துணையா வர்றதுக்குக் குப்பைதானா கிடைக்கணும்? நாளைக்குப் பள்ளிக்கூடத்துல அதுவும் என்னை மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு வரணுமா? வரணும்தான், வந்தாப் போதும்தான். இல்ல, போதாது. போதும். இப்படியே விடிஞ்சிடுச்சு. அப்புறம் ஒரு வாரம் கழிச்சு, இதே வாசல்ல நிக்கிறேன், கேட்டுக்கு வெளியே பூக்காரம்மா ஒண்ணு தள்ளுவண்டியில கூவிக்கிட்டுப் போகுது, செவ்வந்தீ... செவ்வந்தீன்னு. ரோட்டுல லாரி, பஸ்ஸு, உள்ளே வக்கீல்மாரு சத்தம், எல்லாத்தையும் ஒதுக்கிட்டு அது வந்து என் காதுல உக்காருது. செவ்வந்தி. வ்வ, ந்த. என் பேரு மாதிரியே காலை ஊன்றி நிக்கிற பேரு, ஆனா கடைசியில திறந்து கிடக்கு, எவ்வளவு வேணும்னாலும் இழுக்கலாம். செவ்வந்தி பிச்சைக்கண்ணு. புதுசும் இல்ல, பழசும் இல்ல. பக்கத்துல நிக்க வெக்கப்படாத பேரு. உள்ளே இருந்து அம்மா மணியடிச்சுட்டாங்க, நான் வாயை மூடிக்கிட்டே நிக்கிறேன், வாயெல்லாம் அந்தப் பேரு. ஆணுக்குன்னு ஒரு பேரும் தோணல, தேடவும் இல்ல. அன்னையில இருந்து நாலு மாசமா அதை நாக்குக்கு அடியிலயே வச்சிருக்கேன், ஒருத்தர்கிட்ட சொன்னதில்ல. தேன்மொழி வயித்துல கையை வைக்கச் சொன்னப்பகூட பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

"பதினேழாவது, கூப்பிடு." பதினோரு மணி அம்பது. பெஞ்ச் கிளார்க்கு பேப்பரை நீட்டுறாரு, நான் ஒரு கண்ணால பாத்துட்டு வெளியே வர்றேன், பிச்சைமுத்து மகள் செல்லாயி, வரப்புத் தகராறு, ஆறு வருஷமா நடக்குது, அந்தம்மாவை எனக்கு நல்லாத் தெரியும். எதிர்ல எஸ்தர் கதவுகிட்ட இல்ல. எங்கே போச்சு? செல்லு அடிச்சிருக்குமோ? எடுத்துப் பேசுதோ? அழுதுச்சாமா? யாராச்சும் அழுகையைக் கேட்டாங்களாமா? வாய் பாட்டுக்குத் திறக்குது. "பிச்சைக்கண்ணு மகள் செவ்வந்தி..." நல்லாத்தான் இருக்கு, கணீர்னு போகுது, ரெண்டாவது தூணு, மூணாவது தூணு, கேட்டு. "பிச்சைக்கண்ணு மகள் செவ்வந்தீ..." அப்பத்தான் வராண்டாவுல பெஞ்சுல உக்காந்திருந்த செல்லாயம்மா முகத்தைப் பாக்கிறேன். தூக்குச்சட்டியை மடியில வச்சுக்கிட்டு, கூப்பிட்டது நாம இல்ல போலன்னு யாரையோ தேடுது. எல்லாரும் தேடுறாங்க. எந்தச் செவ்வந்தி எந்திரிச்சு வரப் போறான்னு இருவது தலை திரும்பிப் பாக்குது. சொல்லிட்டேனே. ஐயோ, சொல்லிட்டேனே! வாய்விட்டு, ஊர் முழுக்கக் கேக்க, அப்பன் பேரோட சேர்த்துச் சொல்லிட்டேனே! மூணாவது கூப்பாடு பழக்க தோஷத்துல தொண்டை வரைக்கும் வந்துடுச்சு, 'பிச்'சுன்னு உதடுகூட ஒட்டிடுச்சு. அப்படியே விழுங்கிட்டேன். உள்ளே இருந்து அம்மா, "யாருப்பா அது? லிஸ்ட்டுல அப்படி ஒரு பேரே இல்லையே"ங்கிறாங்க. "தப்பு வந்துடுச்சும்மா, மன்னிச்சுக்குங்க." செல்லாயம்மா கிட்ட வந்து, "என் கேசு வரலியா சாமி?"ன்னு கேக்குது. போங்கம்மா, உங்களைத்தான், உள்ளே போங்கங்கிறேன், குரல் என் குரல் மாதிரியே இல்ல. எஸ்தர் கையில டீ கிளாசோட வருது. டீ வாங்கப் போயிருக்கு, அவ்வளவுதான். "யாருண்ணே செவ்வந்தி?"ங்குது சிரிச்சுக்கிட்டே. செல்லு அடிச்சுதான்னு மட்டும் கேட்டேன். இல்லண்ணே.

ரெண்டுதான் கூப்பிட்டிருக்கேன். ரெண்டு கூப்பாட்டுக்கு வரலைன்னா ஒண்ணும் ஆகாது, எந்தக் கோர்ட்டுலயும் ஆகாது. அம்மாவே பல தடவை சொல்லுவாங்க, ஆள் பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்காரு, வண்டி பஞ்சராம், சரி, பாஸ் ஓவர், எல்லாம் முடிஞ்சு கடைசியில கூப்பிட்டுக்கலாம்னு கேசுக் கட்டை ஓரமா எடுத்து வச்சுடுவாங்க. அது மாதிரிதான். ஆள் வந்துக்கிட்டிருக்கு. ஓரமா எடுத்து வச்சிருக்கு. மூணாவது கூப்பிடாத வரைக்கும் யாரும் வரலைன்னு எழுத முடியாது. எழுதறதுக்கு யாரு இருக்கா? எமனா பெஞ்ச் கிளார்க்கு? அப்படி ஒருத்தன் இருந்தா அவன்கிட்டயும் லிஸ்ட்டு இருக்குமே, அதுல குப்பாயின்னு போட்டிருந்தா படிக்காமயே தள்ளிட்டுப் போயிருப்பானே, நான்தானே வெளக்குப் போட்டு ஒரு நல்ல பேரைக் காட்டிக் குடுத்துட்டேன், இந்தா இருக்கா செவ்வந்தின்னு. பதினெட்டாவது. பத்தொன்பதாவது. கூப்பிடுறேன், யாரையோ கூப்பிடுறேன், ஒவ்வொருத்தரையும் பேப்பரைக் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டு எழுத்துக்கூட்டிக் கூப்பிடுறேன், ரெண்டாங்கிளாஸ் பையன் மாதிரி. பன்னெண்டே கால். சிசேரியன்னா அரை மணி நேரம்தான்னு சொன்னாங்களே. பன்னெண்டரை. தேனு, நீ சொன்ன மாதிரிதான் கோர்ட்டுக்கு வந்தேன், வாய் இங்கேயும் சும்மா இருக்கலையே, என்னை என்ன பண்ணலாம் சொல்லு. உன்கிட்ட எப்படி இதைச் சொல்லுவேன்? சொல்லவே மாட்டேன், சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன். நல்லபடியா இருந்தா குப்பாயின்னே வச்சுடுறேன், போதுமா? முறத்துல போட்டுக் குப்பையில வச்சு எடுக்கிறேன், ஏழு வீட்டுல அரிசி கேக்கிறேன், யூனிஃபாரத்தோட போய்க் கேக்கிறேன், வெக்கமே இல்ல எனக்கு. ஒரு மணி. எஸ்தர் கதவுகிட்ட வந்து நிக்குது. கையில என் செல்லு. என்னைப் பாத்து கையை ஆட்டுது, வா வான்னு. முகத்துல ஒண்ணும் தெரியல. நல்லதா கெட்டதான்னு ஒண்ணும் தெரியல. உள்ளே ஒரு வக்கீல் எதிராளியோட சாட்சியை நாலாவது கேள்வி கேட்டுக்கிட்டிருக்காரு, நான் வாசலை விட்டு நகரக் கூடாது, நகர்ந்துட்டேன். அம்மா பாத்தாங்க. பாக்கட்டும்.

"அத்தைம்மா பேசுனாங்கண்ணே, பொம்பளப் புள்ளையாம்," எஸ்தர் சொல்லுது, "ஆனா அண்ணி உங்ககிட்டதான் பேசணுமாம், லைன்லயே இருக்காங்க." பொம்பளப் புள்ள. காது அடைச்சுப் போச்சு. செல்லை வாங்கி வராண்டா கோடிக்குப் போறேன், தேனு, தேனுங்கிறேன். மூச்சு மட்டும் கேக்குது. அப்புறம் வாய் குழற, மயக்கம் தெளியாத குரல்ல, "ஏங்க, சத்தமே போட மாட்டேங்குதுங்க"ங்கிறா. என்ன தேனு, என்ன சொல்ற, அழலியா? "முதுகு ஊசி பிடிக்கலன்னு முழு மயக்கம் குடுத்துட்டாங்க. எடுத்தப்ப லேசா அழுதுச்சுன்னு சொல்றாங்க, நான் கேக்கல, நான் கேக்கவே இல்ல. இப்ப பக்கத்துலதான் போட்டிருக்காங்க. தூங்கிக்கிட்டே இருக்குங்க. நர்ஸு நல்லாத்தான் இருக்கு, எல்லாம் சரியா இருக்கு, தூங்கட்டும் விடுங்கங்குது. அவனையும் அப்படித்தானே சொன்னாங்க? தூங்குறான் தூங்குறான்னு அவனையும் அப்படித்தானேங்க சொன்னாங்க?" அழறா. வயித்துல தையலோட அழறா. நர்ஸம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும் தேனுங்கிறேன், நம்புற மாதிரியா இருக்கு என் குரலு? அப்புறம் அவளே சொல்றா. "நீங்க ஒரு பேரு வச்சிருக்கீங்கல்ல? எனக்குத் தெரியும். தூக்கத்துல உங்க உதடு ஆடும். கூப்பிடுங்க. நான் செல்லை அது காதுகிட்ட வைக்கிறேன். கோர்ட்டுல கூப்பிடுவீங்கல்ல, அது மாதிரி கூப்பிடுங்க. அழுகையைக் கேக்காம என்னால இருக்க முடியாதுங்க."

அடிப்பாவி, எந்த வேலையை எந்த நேரத்துல என்கிட்ட குடுக்கிற. ரெண்டு கூப்பிட்டாச்சு தேனு. பாக்கி ஒண்ணுதான். அதுக்கும் வரலைன்னா? குப்பாயின்னு கூப்பிட்டுடவா? அது புதுப் பேரு, அதுக்கு மூணு கூப்பாடும் முழுசா பாக்கி இருக்கு, பொருத்தமும் அதுக்குத்தான் ஜாஸ்தி, ஆபத்தும் இல்ல. வாயைத் திறக்கிறேன். 'கு'ன்னு உதடு குவியுது. குவிஞ்சு அப்படியே நிக்குது. இந்த வராண்டாவுல, அந்த வாசப்படியில நின்னு, ஒரு மணி நேரம் முன்னாடி ஒருத்தியை ரெண்டு தரம் கூப்பிட்டேனே. ஊர் பாக்கக் கூப்பிட்டேனே. ரெண்டு தரம் கூப்பிட்டுட்டு மூணாவது கூப்பிடாம விட்டா, பாதி வழியில வந்துக்கிட்டிருக்கிறவ எந்தப் பக்கம் போவா? நம்மளைத்தானா கூப்பிட்டாங்கன்னு செல்லாயம்மா மாதிரி தூக்குச்சட்டியோட முழிச்சுக்கிட்டு நிக்க மாட்டாளா? தேனு, காதுகிட்ட வச்சிட்டியா? "வச்சிட்டேங்க." மூச்சை இழுத்தேன். பத்தொன்பது வருஷத்துல அப்படி ஒரு மூச்சை நான் இழுத்ததில்ல.

"பிச்சைக்கண்ணு மகள் செவ்வந்தீ..."

கேட்டுல நின்னவன், டீக்கடையில இருந்தவன், நகல் பிரிவு, சாட்சியைக் கேள்வி கேட்டுக்கிட்டிருந்த வக்கீல், எல்லாச் சத்தமும் நின்னு போச்சு. உள்ளே அம்மா எந்திரிச்சுட்டாங்கன்னு நினைக்கிறேன், நாற்காலி இழுபடுற சத்தம் கேட்டுச்சு. செல்லுக்குள்ள ஒண்ணும் இல்ல. ஃபேன் ஓடுற சத்தம். எங்கேயோ ஒரு தட்டு கீழே விழுது. தேன்மொழி மூச்சுகூட விடல. நான் தூணைப் பிடிச்சுக்கிட்டேன். வந்துடு தாயி. பஸ்ஸுல இருந்து இறங்கி ஓடி வந்துடு. எவ்வளவு நேரம்னு தெரியல. அப்புறம் ஒரு செருமல். தொண்டையில எதையோ நகர்த்துற மாதிரி சின்னதா ஒரு செருமல், கொஞ்சம் நிறுத்தி இன்னொண்ணு, அதுக்கப்புறம் கிளம்புச்சு பாருங்க, வீல்னு, என்ன தொண்டைங்கிறீங்க, எனக்குச் செல்லைக் காதை விட்டுத் தள்ளிப் பிடிக்க வேண்டியதாப் போச்சு. பின்னாடி அத்தை ஏதோ கத்துது, தேன்மொழி சிரிக்கிறாளா அழறாளான்னு தெரியல, "ஏங்க, ஏங்க"ன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கா. நான் கட் பண்ணல. வராண்டாவுல இருந்தவங்க எல்லாம் என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஜட்ஜ் அம்மா வாசல் வரைக்கும் வந்துட்டாங்க, கோபமான்னு தெரியல, கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, "யாருப்பா அந்தச் செவ்வந்தி? காலையில இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்க"ங்கிறாங்க. செல்லை அவங்க பக்கமா நீட்டினேன். அழுகை நல்லாவே கேட்டுச்சு.

"ஆஜராயிட்டாம்மா."